கூட்டிலிருந்து வந்தது

வெளிநாட்டிலிருந்து வந்த நாலாயிரம் மாதுளைக் கன்றுகள் துறைமுகத்தில் வாடிக்கொண்டிருந்தன. அவற்றை உள்ளே விடலாமா, எரிப்பதா என்று பயிர்ப்பூச்சித் தடுப்பு அலுவலர் பெனிட்டா இன்று ஐந்து மணிக்குள் எழுதித் தர வேண்டும். சோதனையில் அகப்பட்டது ஒரே ஒரு புழு. அது சாதுவான இனமா, தோப்பைத் தோப்பாக அழிக்கிற இனமா என்பது அந்துப்பூச்சியாக வெளியே வந்தால்தான் தெரியும். கண்ணாடிப் புட்டியில் இட்டு, இலை கொடுத்து, அது கூடு கட்டியதையும் பார்த்துப் பத்தொன்பது நாள் காவல் இருந்தாள். கன்றுகளை வரவழைத்தவர் தினமும் தொலைபேசியில், "என்ன மேடம், உங்க புள்ள பொறந்துருச்சா?" என்பார்.

மூன்று மணிக்குக் கூடு உடைந்தது. வந்தது அந்துப்பூச்சி அல்ல, எறும்பளவு குளவி; புழுவின் உடம்புக்குள் எப்போதோ முட்டையாக இடப்பட்டது. உள்ளே இருந்ததை முழுக்கத் தின்று தீர்த்துவிட்டு, கூட்டின் வாயில் நின்று முகம் துடைத்துக்கொண்டது.

பெனிட்டா வெகுநேரம் அதையே பார்த்திருந்தாள். பிறகு மேலதிகாரி தணிகாசலத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள்.

"அப்ப நம்ம புழு செத்துப்போச்சு. ஆபத்து குறைவுன்னு போட்டுரும்மா."

"செத்தது ஒண்ணுதான் சார். அதுவும் என்னன்னே தெரியல."

"தெரியலன்னு எழுத படிவத்துல எடம் கெடையாதும்மா. பேர் இல்லாத பூச்சிக்காக எரிச்சா கோர்ட்ல நிப்பாட்டிருவாங்க."

"உங்க மாமனார் மாதுளை போட்டிருக்காருல்ல சார்? மொத நூறு கன்னு அங்கயே அனுப்பிரட்டுமா?"