இனிமேல் புளிக்கும்

இத்தாலியின் இலையுதிர்கால வெயிலில், போலந்து விமானப் படையின் சமையற்காரர் ஸெனோன் மரப்பீப்பாயைத் திறந்து எட்டிப் பார்த்துச் சிடுசிடுக்கிறார். உப்பில் ஊறப்போட்ட முட்டைக்கோஸ் அருமையாகப் புளித்திருக்கிறது. எகிப்திலிருந்து படையோடு அலையும் பீப்பாய் இது. இதுவரை ஒவ்வொரு முறையும் உப்புப் போட்டு அமுக்கியது புளிப்பதற்குள் வேறு விமானத் திடலுக்குக் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்துவிடும், லாரிக் குலுக்கலில் நீர் சிந்தி எல்லாம் அழுகிப்போகும். எதிரியை வேவு பார்த்துத் திரிந்த விமானங்கள் இப்போது மூக்கில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு வரிசையாகச் சும்மா நிற்கின்றன. இரண்டாம் உலகப் போர் மே மாதமே முடிந்துவிட்டது. திடலின் மறுகோடியில் ஊருக்குப் போகும் ஆங்கிலேயர்கள் பாடிக்கொண்டே லாரியில் ஏறுகிறார்கள். மெக்கானிக் கஸ்பர் எண்ணெய்க் கையாலேயே பீப்பாயிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறான். மென்றுகொண்டிருந்த தாடை பாதியில் நின்றுவிடுகிறது. "அப்படியே எங்க வீட்டு ருசி. அப்புறம் ஏண்ணே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" "புளிக்கிற வரைக்கும் ஒருத்தனும் நம்மளக் கிளம்பச் சொல்லலையேடா." "எங்கண்ணே கிளம்புறது? நம்ம ஊரு ரஷ்யாக்காரன் கைக்குப் போயிடுச்சு." ஆங்கிலேயர்களின் பாட்டு தூரத்தில் தேய்கிறது. உப்பு நீரில் ஒரு குமிழி எழும்பி உடைகிறது. கஸ்பர் காய்க்கூடையைக் காலால் இழுத்து, "அடுத்ததுக்கு நறுக்கட்டுமா?" என்கிறான். ஸெனோன் கத்தியை எறியாத குறையாக நீட்டுகிறார். "நறுக்கு. நிதானமா நறுக்கு. இனிமே எல்லாம் புளிக்கும்."