எங்க வீட்டுல

"மூணு நாடு பார்த்து வெச்சிருக்கேன். மூணுமே உங்களுக்குத் தோதானதுதான்" என்றாள் மருமகள்.

ஆடிட்டரின் மருமகள். அவளும் ஆடிட்டர்தான். ஆபீசில் மாமனாரை 'சார்' என்பாள். கோபம் வந்தால் மட்டும் அது 'மாமா' ஆகிவிடும்.

எதிரே பம்ப்செட் முதலாளியும் அவர் மனைவியும். கம்பெனியை விற்றாகிவிட்டது, ஆனாலும் ஊருக்கு அவர் முதலாளிதான். வெளிநாட்டில் செட்டிலான அண்ணன் குடும்பம், 'வரியாவது மிச்சமாகும், வந்து சேருங்க' என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தது. இருக்கும் வீட்டை வாங்கவும் ஆள் தயார். இன்றைக்குச் சரி என்றால் நாளைக்கு அட்வான்ஸ்.

"முதல் நாட்டுல வருமான வரியே கிடையாதுங்க."

"அப்படிப் போடு!" முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்து மனைவியைப் பார்த்தார். "கேட்டியா?"

"நல்லதாப் போச்சு" என்றார் அந்தம்மா, அவர் முகத்தைப் பார்த்தபடி.

"ஆனா ஒண்ணு. மூணு நாட்டுல எதுக்குப் போனாலும் இங்க வீடு இருக்கக் கூடாது. பூட்டிப் போட்டிருந்தாலும், 'உன் வீடு இங்கதானே இருக்கு, அப்போ நீ இந்த ஊர் ஆள்தான்'னு இங்கேயே வரி கேப்பாங்க. வித்துடறதுதான் நல்லது."

"வித்துட்டாப் போச்சு" என்றார் முதலாளி. குரல் கொஞ்சம் பலமாகவே வந்தது.

அந்தம்மா மெதுவாகக் கேட்டார்: "வீட்டு போன் நம்பரை மட்டும் அங்க கொண்டுபோக முடியுமாம்மா?"

"லேண்ட்லைனா? அது வீட்டோட சரிங்க."

"அதுல யாரு பேசறா? ராங் கால்தான் வருது" என்று முதலாளி பேச்சை வெட்டினார்.

"சரி, விசாவுக்குக் குடும்ப விவரம் வேணும். பிள்ளைங்க?"

"இல்ல" என்றார் முதலாளி. பிறகு அவரே, "ஒருத்தன் இருந்தான். தலைமுழுகியாச்சு" என்றார்.

அந்தம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆடிட்டர் தொண்டையைச் செருமினார்.

"அந்த முதல் நாடு சரிப்படாதுங்க."

"ஏன் சார்?" மருமகள் திரும்பினாள்.

"வெயில் கொளுத்தும். இவருக்கு பிபி வேற."

"ரெண்டாவது குளிர் நாடுதான் சார். வருஷத்துக்கு ஒரே ஒரு தொகை கட்டிட்டா, எவ்வளவு வருமானம் வந்தாலும் கேள்வி இல்ல."

"அந்த ஊர்க்காரன் சட்டை மாத்தற மாதிரி சட்டத்தை மாத்துவான். நம்பிப் போக முடியாது."

"மூணாவது? அங்க ஒரு வீடு வாங்கினா நிரந்தரமாத் தங்க விடறாங்களே!"

"அறுபது தாண்டினவங்களுக்குத் தரமாட்டாங்க."

மருமகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படி ஒரு விதியே கிடையாது. சொல்ல வாயெடுத்தாள். ஆடிட்டர் பேப்பர் வெயிட்டை டொக்கென்று மேஜையில் வைத்தார்.

"ஆக, வழியே இல்லைங்கறீங்க?" என்றார் முதலாளி.

"என் அறிவுக்கு எட்டின வரைக்கும் இல்லைங்க."

"நல்ல அறிவு!" முதலாளி எழுந்தார். வரவேற்பறையில் காத்திருந்தவர்கள் காதில் விழும்படியாகவே சொன்னார். "பெரிய ஆடிட்டர்னு நாலு பேர் சொன்னதைக் கேட்டு இத்தனை வருஷமா வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"போகட்டும் விடுங்க. நமக்குக் கொடுப்பினை அவ்வளவுதான். வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று அந்தம்மா முன்னால் நடந்தார்.

கதவு சாத்தியதும் மருமகள் ஃபைலை மேஜையில் போட்டாள்.

"மாமா!"

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"ராத்திரி பகலா உட்கார்ந்து தயார் பண்ணினேன். இல்லாத விதியெல்லாம் சொல்றீங்க! அவங்க போயிட்டா வருஷா வருஷம் வர்ற பீஸ் போயிடும்னுதானே? உங்ககிட்ட இதை நான் எதிர்பார்க்கல மாமா. வெட்கமா இருக்கு."

"இருக்கட்டும்."

"நாளைக்கே வேற ஆடிட்டர்கிட்ட போவாங்க. அவர் புட்டுப் புட்டு வைப்பார். அப்போ நம்ம மானம் கப்பல் ஏறும்."

"போகமாட்டாங்க."

"அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"நேத்து அவர் எனக்குத் தனியா போன் பண்ணினார். 'எங்க வீட்டுல போகணும்னு ரொம்ப ஆசைப்படறாங்க. எனக்குத்தான் மனசு வரல. வீட்டை விட்டு ஓடினவனுக்கு அந்த ஒரு வாசல்தானே தெரியும்? என்னைக்காவது வந்து நின்னான்னா, வேற யாரோ கதவைத் திறப்பாங்களே! அவன் பேரையே எடுக்கக் கூடாதுன்னு சத்தம் போட்டவன் நான். இப்போ எந்த மூஞ்சியோட சொல்லுவேன்? வழியே இல்லைன்னு நீங்களே சொல்லிடுங்க'ன்னார்."

மருமகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் உடனே இன்னொன்று உறைத்தது.

"அப்போ அந்தம்மா? பாவம், எவ்வளவு ஆசையா வந்தாங்களோ! அவருக்காக அவங்க ஆசையில மண்ணைப் போட்டுட்டீங்களே, சார்."

'சார்' திரும்பி வந்துவிட்டதை ஆடிட்டர் கவனித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அவங்க இன்னைக்குக் காலையில போன் பண்ணினாங்கம்மா."

"என்ன சொன்னாங்க?"

"அவர் சொன்னதையேதான். முடிக்கும்போது ரெண்டு பேருமே சொன்னது ஒரு வார்த்தைகூட மாறல. 'நான் சொன்னேன்னு எங்க வீட்டுல மட்டும் தெரிய வேண்டாம்.'"