வல்லக்கோட்டைக் குளத்துப் படி

சாக்ஸைக் கழற்றச் சொன்னதும் அருள்பாண்டிக்கு வியர்த்துவிட்டது.

ஒரகடம் கூட்டுரோட்டில் இருக்கும் எக்ஸ்ரே சென்டர் அது. கணுக்காலுக்குத்தானே படம், சாக்ஸோடு எடுத்தால் ஆகாதா என்று கேட்டுப் பார்த்தான். படம் எடுக்கும் சசிகலா, காலில் எதுவுமே இருக்கக் கூடாது என்றாள். கறுப்புக் கயிற்றையும் அவிழ்க்கச் சொன்னாள்.

கண் படாமல் இருக்க அம்மா கட்டிவிட்ட கயிறு. இன்றைக்கு அதற்கு லீவு போலிருக்கிறது.

அருள்பாண்டி திருநெல்வேலிப் பக்கம். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை. வெறும் வேலை என்றால் பரவாயில்லை, இந்த மாதம் அவன்தான் சேஃப்டி கேப்டன்.

சேஃப்டி கேப்டன் என்றால் கையில் பச்சைப் பட்டை கட்டிக்கொண்டு தினமும் காலையில் இருநூறு பேர் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேசி முடித்து, கேட் அருகே இருக்கும் ‘விபத்தில்லா நாட்கள்’ பலகையில் நம்பரை மாற்ற வேண்டும். ஷூ போடாமல் லைனுக்குள் வருகிறவனுக்குத் தன் கால் மேலேயே அக்கறை கிடையாது என்று இன்று காலையில்கூடப் பேசினான். கை தட்டினார்கள். அவனுக்கே அவன் பேச்சு பிடித்துப்போயிற்று.

இன்றைய நம்பர் 499.

நாளை ஐந்நூறு. பிளான்ட் ஹெட் வருகிறார். எல்லாருக்கும் பிரியாணி, ஆளுக்கொரு டிராவல் பேக். கேப்டனின் போட்டோ கேன்டீன் சுவரில் ஒரு வருடம் தொங்கும். இதை ஊரில் அம்மாவுக்கும், அம்மா வழியாகத் தெரு முழுக்கவும் சொல்லியாயிற்று.

அந்தப் போட்டோவுக்காகத்தான் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சேஃப்டி ஷூவைக் கழற்றிப் பாலிஷ் போட்டு ஜன்னலோரம் வைத்தான். காயும்வரை செருப்பு. சும்மா நிற்பானேன் என்று மேஜையில் கிடந்த இரும்பு கிளாம்பை எடுத்து ஓரமாக வைக்கப் போனான். நாலு கிலோ இருக்கும். கை வழுக்கியது. அது வேறெங்கும் போகாமல் நேராக அவன் வலது கட்டைவிரலைத் தேடி வந்தது.

கத்தவில்லை. கேப்டன் கத்தலாமா?

சூப்பர்வைசர் கன்னியப்பன் மட்டும் பார்த்துவிட்டார். வல்லக்கோட்டைக்காரர். மாதம் பிறந்ததிலிருந்து காலில் சர்க்கரைப் புண் என்று தனி அனுமதி வாங்கிச் செருப்போடு வருகிறவர். அவனுடைய தோளில் கை போட்டுக் காதோடு சொன்னார்.

"எங்க ஊரு கோயில் கொளத்துப் படில வழுக்கிக்கினேன்னு சொல்லு பாண்டி. கோயில் விஷயம், எவனும் நோண்ட மாட்டான்."

கம்பெனிக்குள் அடிபட்டது என்று எழுதினால் நாளைக்குப் பலகையில் சைபர். இருநூறு பேர் வாயில் மண்ணைப் போட்ட பாவம் யாருக்கு வேண்டும்? ஷிஃப்ட் முடிந்ததும் பாலிஷ் போட்ட ஷூவுக்குள் அந்தக் காலைத் திணித்துக்கொண்டு, கேட் வரைக்கும் நொண்டாமல் நடந்தான். செக்யூரிட்டியிடம் சிரித்து வேறு காட்டினான். பல்லைக் கடித்தாலும் பார்க்கிறவருக்குச் சிரிப்பு மாதிரிதான் தெரியும் என்று இன்றைக்குத்தான் கண்டுகொண்டான்.

கன்னியப்பன் பைக்கில் கூட்டிவந்தார். டாக்டரிடம் நல்ல கூட்டம். குளம், படி, வழுக்கல் என்றதும் அவர் சாக்ஸுக்கு மேலேயே கணுக்காலை இரண்டு இடத்தில் அழுத்திவிட்டு, கணுக்காலுக்குப் படம் என்று சீட்டு எழுதிவிட்டார். அருள்பாண்டியும் தொட்ட இடத்திலெல்லாம் ஆ என்றான். நடிப்பில் ஒரு குறை வைக்கவில்லை.

இப்போது சாக்ஸ் கழன்றது.

கணுக்கால் பளிச்சென்று இருந்தது. கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது.

சசிகலா சீட்டை இன்னொரு தரம் படித்தாள். அந்தக் கால் மேல் முழு எடையையும் போட்டு நிற்கச் சொன்னாள். அரை விநாடி நின்றான். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

அவனாகவே குளத்துக் கதையை ஆரம்பித்தான். பாசி எவ்வளவு, எத்தனையாவது படி, கும்பிட்டு முடித்தா கும்பிடும் முன்பா என்பதுவரை சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மெஷினைத் தள்ளி வைத்தாள்.

"இந்த மாசத்துல அந்தக் கொளத்துல வழுக்குன மூணாவது ஆளுண்ணா நீங்க. மொத ஆளு, தோ வெளிய நிக்கிறாரே, அவுருதான். சீட்டுல கணுக்கால்னு இருந்துச்சி, கணுக்கால எடுத்தேன், படம் சுத்தமா வந்துச்சி. அவுரு இன்னும் நொண்டிக்கினுதான் கீறாரு. உங்களுக்கு எந்த எடத்துல எடுக்கட்டும்?"

கதவு இடுக்கில் கன்னியப்பன் தெரிந்தார். சுவரில் சாய்ந்து, இடது காலைத் தரையில் படாமல் தூக்கி வைத்திருந்தார். செருப்புக்குள் கட்டைவிரல் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

அவருடைய சர்க்கரைப் புண்ணுக்கு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் அருள்பாண்டிதான். கேப்டன் என்ற முறையில்.

மாதம் பிறந்ததிலிருந்து பலகையில் அவன் மாட்டிய நம்பர்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, கோணாமல் பார்த்துப் பார்த்து மாட்டுவான். அத்தனையும் பொய். வெட்கமாக இருந்தது. ஒற்றைக் காலில் நிற்கிற அந்த மனிதரைப் பார்க்க அழுகையும் வந்தது.

"விரலுக்கே எடுங்கக்கா. இரும்பு விழுந்துட்டு. கம்பெனிக்குள்ளதான்."

சசிகலா சீட்டை மாற்றி வாங்க டாக்டருக்குப் போன் போட்டாள். அப்போதுதான் கவனித்தான். குளத்துக் கதை முழுவதையும் கையில் பச்சைப் பட்டையோடு நின்றுதான் சொல்லியிருக்கிறான்.

அவிழ்க்கப் போனவன், அவிழ்க்காமல் நேராக இழுத்துவிட்டுக்கொண்டான். வெளியே நிற்கிறவருக்கும் சேர்த்து விரலுக்கு ஒரு சீட்டுக் கேட்கச் சொன்னான்.

கேப்டன் என்ற முறையில்.