நன்றாகப் பழகுகிறார்

பத்தரைக்கு வருவதாகச் சொன்ன மருத்துவமனைப் பெண் பத்தேகாலுக்கே வந்து மணியடித்தாள்.

சோபாவில் கிடந்த தலையணையையும் போர்வையையும் அவசரமாகச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மேஸ்திரியின் மனைவி போய்த் திறந்தாள்.

மறதி தொடங்கியவர்கள் மனிதர்களோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவது அந்தப் பெண்ணின் வேலை. மதிப்பெண் குறைந்தால் அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவதென்று மகன் முடிவு செய்திருந்தான். அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியாதாம்.

மேஸ்திரி எழுந்து நின்று வரவேற்றார். மின்விசிறியை வந்தவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இன்னைக்கு என்ன கிழமைங்க ஐயா?"

"ரிட்டயர் ஆனவனுக்கு எல்லாக் கிழமையும் ஞாயித்துக்கிழமைதாம்மா."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மனைவிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அன்று வியாழன்.

டீ போட உள்ளே போனவளின் பின்னாலேயே அந்தப் பெண்ணும் சமையலறைக்கு வந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட எப்படி நடந்துக்கறார்மா?"

"அதை ஏன் கேக்கறீங்க. முன்னெல்லாம் புலி. லாரிப் பட்டறையில கத்தற கத்தல் வீடு வரைக்கும் கூடவே வரும். இப்போ பசு."

சாப்பிட்டாயா என்று ஒரு நாளும் கேட்டதில்லை அந்த மனிதர். இப்போது அவள் வந்து உட்காராமல் தட்டில் கை வைப்பதில்லை. அவள் இருமினால் தண்ணீரோடு வந்து நிற்கிறார். டிவியை அணைக்கும்முன் அவளிடம் அனுமதி கேட்கிறார். காலையில் தன் சட்டையை எடுக்க வரும்போதுகூடப் படுக்கையறைக் கதவைத் தட்டிவிட்டு, வரலாமா என்று வெளியிலேயே காத்திருக்கிறார்.

சொல்லச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வியாதி வந்த பிறகுதான் தனக்கு ஒரு புருஷன் கிடைத்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. கட்டிலை அவளுக்கு விட்டுவிட்டு அவர் சோபாவில் படுப்பதையும் சொல்லவில்லை. வெக்கைக்காக இருக்கும்.

அந்தப் பெண் பேனாவை மூடினாள்.

"நல்லாப் பழகறார்மா. இப்போதைக்கு வீட்டுலயே இருக்கட்டும்னு எழுதிடறேன்."

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. டீயைக் குடித்து முடித்தவளை வழியனுப்ப, ஈரக்கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள்.

மேஸ்திரி அங்கே முன்பே போய் நின்றிருந்தார்.

இரண்டு ஜோடிச் செருப்புகளை எடுத்துத் தூசி தட்டி, தெருவைப் பார்த்தாற்போல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரு ஜோடி வந்தவளுடையது.

அவர் கையில் மனைவியின் கைப்பை இருந்தது. அதை அவளிடம் பணிவாக நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.

பிறகு மருத்துவமனைப் பெண்ணின் பக்கம் குனிந்து, மற்றவள் மனம் நோகக் கூடாதே என்பதுபோல் மெல்லச் சொன்னார்:

"போற வழியில இவங்களையும் அவங்க வீட்டுல இறக்கி விட்டுடறீங்களாம்மா? வந்து ரொம்ப நாளாச்சு. பாவம், கூட்டிட்டுப் போக யாருமே வரல."