மீனுக்கு மட்டும் விலக்கு

கடல் சும்மா கிடந்தது. ஓர் அலை கிடையாது.

அவன் தலைவனாக இருந்த கப்பலும் கட்டிப்போட்ட இடத்திலேயே கிடந்தது. நான்கு நாளாக.

நவம்பர் பதினொன்று, புனித மார்ட்டின் திருநாள் கழிந்துவிட்டால், பிப்ரவரி வரை எந்தக் கப்பலும் லூபெக் துறைமுகத்தை விட்டு நகரக் கூடாது. குளிர்காலக் கடல் ஆளை விழுங்கும் என்று எழுபது வணிக நகரங்கள் கூடிப் போட்ட சட்டம். அவன் சரக்கு ஏற்றி முடித்தபோது திருநாள் போய் ஒரு நாள் ஆகியிருந்தது.

ஒரே ஒரு நாள். என்ன சட்டமோ, என்ன கருமமோ.

டான்சிக் நகரில் அவன் மனைவி யூட்டாவுக்கு இது நிறைமாதம். முதல் இரண்டும் பிறந்த அன்றே போய்விட்டன. இந்த முறை தாயே பிழைப்பது சந்தேகம் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாளாம். நேற்று அங்கிருந்து பீர் ஏற்றி வந்த வோல்மர்தான் சொன்னான். முடிந்தால் வரச் சொல்லுங்கள் என்று யூட்டா சொல்லியனுப்பியிருந்தாள்.

பன்னிரண்டு வருடத்தில் அவள் அவனை வா என்று கேட்டதே இல்லை.

துறைமுக அதிகாரி முன்னால் மூன்றாம் முறையாகப் போய் நின்றான்.

அதிகாரி கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. உட்காரச் சொன்னார். சூடாகக் குடிக்கக் கொடுத்தார். சட்டத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஹெர்ரிங் மீனும் பீரும் ஏற்றிய கப்பல்கள் மட்டும் டிசம்பர் ஆறு வரை போகலாம். கெட்டுப்போகிற சரக்கு. அவனுடையது கம்பளித் துணி.

சன்னலுக்கு வெளியே வோல்மர் மீன் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டிருந்தான். மதியம் டான்சிக் திரும்புகிறான்.

மீன் கெட்டுவிடுமாம். எவ்வளவு அக்கறை!

அப்படியானால் அந்தக் கப்பலில் ஏறிப் போகிறேன் என்றான்.

அதிகாரி கையைப் பிசைந்தார். ஏற்றிய சரக்கை விட்டுப் போகும் கப்பல் தலைவனுக்கு அப்புறம் கப்பலே கிடையாது. அதுவும் சட்டத்தில் இருந்தது.

"எழுபது ஊருக்கும் சொல்லியனுப்பிடுவாங்க. ஒருத்தனும் உன்னை நம்பிக் கப்பல் தரமாட்டான். யோசிச்சுக்கோப்பா."

யோசித்தான். அதிக நேரம் ஆகவில்லை.

"எழுபது ஊரை வச்சு நான் என்ன பண்றது, ஐயா? அவ ஒரு ஊர்லதானே இருக்கா."

கப்பலின் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தான். அதிகாரி அதைத் தொடவில்லை.

வோல்மரின் கப்பலில் பயணிகளுக்கு அனுமதி இல்லை. மீன் போக, வேலையாட்கள் மட்டும்தான்.

வேலையாள் என்றே எழுதிக்கொள் என்றான்.

வோல்மருக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. வேறெங்கோ பார்த்துக்கொண்டு, பாய்மரக் கயிற்றை இழுக்கச் சொன்னான்.

இருபது வருடமாக அடுத்தவர்களை ஏவியவன் குனிந்து கயிற்றைப் பற்றினான்.

கூட நின்ற மற்ற மூன்று வேலையாட்களைவிட வேகமாக இழுத்தான்.