புது சீட் கவர்

மழையால் என் ஜீப்புக்குச் சவாரி இல்லை. இரண்டு வருடம் கழித்து டிவியில் அந்தப் பழைய வீடியோ கேமைப் போட்டேன். கார் திருடி, ஆளை அடித்து, போலீஸிடம் சிக்காமல் ஓடும் விளையாட்டு. கடற்கரைச் சாலையும் என் சிவப்புக் காரும் விட்டபடியே இருந்தன. அந்த நகரத்தில் எப்போதும் வெயில்தான்.

மூன்றாவது திருப்பத்தில் எங்கள் ஊர் பெத்தம்மாள் அக்கா கைகாட்டிக்கொண்டு நின்றார். தலையில் மடித்துப் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

எங்கள் மலைக்கிராமம் கூக்காலுக்குப் பஸ் குறைவு. கைகாட்டினால் எந்த ஜீப்பும் நிற்கும். போன ஐப்பசியில் கொட்டும் மழையில் அவர் கைகாட்டியபோது, புது சீட் கவர் நனைந்துவிடுமே என்று ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டேன். அவர் நடந்தே வந்து சேர்ந்தார். காய்ச்சலில் படுத்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மனைவி மேனகா டிவியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "யாரோ நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க பாருங்க. ஏத்திக்கிருங்க."

காரை நிறுத்தினேன். அந்த விளையாட்டில் ஆளை வெளியே இழுத்துப் போட பட்டன் உண்டு, ஏற்றிக்கொள்ள இல்லை. இருந்தாலும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். ஹாரன் அடித்தது.

அக்கா அன்றைக்குப் போலவே கையை இறக்கிவிட்டு, ஓரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.