போணிக்கு முன்னால்

"போணிகூட ஆகலை தலைவரே! கூடை இறால் மேல பினாயிலைக் கொட்டிட்டா இந்த மகராசி!"

சின்னவள் போட்ட சத்தத்தில் மீன் சந்தையே கூடிவிட்டது. சற்று முன்வரை மீசையை ஆட்டிக்கொண்டிருந்த ஆற்று இறால், பினாயிலில் நனைந்து அசையாமல் கிடந்தது.

பக்கத்துக் கடைக்கல்லில் பெரியவள், காலி பாட்டிலோடு நின்றாள். இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள்.

"நிஜமாவாம்மா?" சந்தைத் தலைவர் கேட்டார்.

"ஆமா. ஊத்தினேன்."

"ஏன்?"

பெரியவள் கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். "தோணுச்சு. ஊத்தினேன்."

"தோணுமே! நேத்து கடை போட்ட எங்கிட்ட ஆள் சேருதுன்னு வயித்தெரிச்சல். ஓட்டல்காரர் மொத்தக் கூடையும் கேட்டார். அது பொறுக்கலை!"

"பாட்டில்ல மிச்சம் இருந்தா ரெண்டு பேர் வாயையும் கழுவுங்கப்பா. சந்தை சுத்தமாகும்" என்றார் ஐஸ்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டல்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கடைக்கு நகர்ந்தார்.

"ஒரு மாசம் நீ இந்தப் பக்கம் வரக்கூடாது. உன் கல்லு காலியாவே கிடக்கட்டும்" என்றார் தலைவர்.

"சரிங்க."

அதுதான் சின்னவளுக்கு இன்னும் எரிந்தது. "திமிரைப் பாருங்க!" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் பின்னாலிருந்த குப்பைமேட்டுக்குப் போனாள்.

"அங்க கொட்டாதே. காக்கா கொத்தும், பூனை இழுக்கும்."

திரும்பினாள். பெரியவள் மண்வெட்டியோடு நின்றிருந்தாள்.

"இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"உன் புருஷன் இதை எப்படிப் புடிச்சான்?"

"வலையே போடலை. விடியும்போது இறாலெல்லாம் தானா கரையேறிக் கிடந்துச்சாம். கையாலயே அள்ளினாராம். ஒருத்தருக்கு அதிர்ஷ்டம் வந்தா அதுக்குமா பொறாமை?"

"எங்கிட்டயும் அப்படித்தான் பெருமையாச் சொன்னான். வீட்டுக்கு ஒரு கை எடுத்து வச்சதையும் சொன்னான், பதறி எழுந்தேன். இறால் ஆத்தை விட்டு ஓடி வந்தா அது அதிர்ஷ்டமாடி? மேல வயல்ல மருந்தடிச்ச டேங்கை யாரோ ஆத்துல அலசியிருக்காங்க. தண்ணியில பூச்சிமருந்து கலந்தா மீனுக்கு முந்தி இறாலுக்குத்தான் தாங்காது."

சின்னவள் கையிலிருந்து கூடை நழுவியது.

"ஐயோ! பிள்ளைக்கு வறுக்கலாம்னு வீட்டுல ஒரு கை எடுத்து வச்சேனே!"

பெரியவள் இடுப்பிலிருந்து ஒரு பையை உருவிக் கீழே போட்டாள். "உன் அடுப்படியில புகுந்து அதையும் எடுத்துட்டுத்தான் வந்தேன். நாளைக்குத் திருடின்னும் சொல்லு."

சிரிக்கவும் வராமல் அழவும் வராமல் சின்னவள் கைகூப்பினாள்.

"கும்பிடறதை அப்புறம் கும்பிடு. முதல்ல குழியை ஆழமா வெட்டு. வேற யாரும் அள்ளாம உன் புருஷனைக் கரையில காவல் நிறுத்தியிருக்கேன். எங்க வீட்டுக்காரர் வயல்காரங்ககிட்டப் பேசப் போயிருக்கார்."

"அக்கா, இதைத் தலைவர்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே! வாங்க, இப்பவே போய்..."

பெரியவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாயைத் திறந்தே, பாரு! மருந்து இறால் விக்க வந்தவள்னு ஒரு தடவை பேரு விழுந்தா, அப்புறம் உங்கிட்ட ஒரு கெண்டைகூட எவனும் வாங்க மாட்டான். எனக்கென்ன? பொறாமைக்காரின்னு சொல்வாங்க. ஓரகத்திக்கு அது புதுப் பேரா?"

மறுநாள் ஆற்றில் யாரும் வலை போடவில்லை. சந்தைக்கு ஏரி மீன்தான் வந்தது. சின்னவளின் கல்லில் இரண்டு குவியல்.

"இது யாருதும்மா?" ஒன்றைக் காட்டிக் கேட்டார் ஓட்டல்காரர்.

"எங்க அக்காவோடது."

"பினாயில் ஊத்தினாளே, அந்தப் பொறாமைக்காரியோடதா? உனக்கு ரோஷமே இல்லையா?"

சின்னவள் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு தராசைக் கையில் எடுத்தாள்.

"அவங்களோடதேதான். முதல்ல இதை வாங்குங்க. என்னுது அப்புறம்."